கூண்டில் நிற்கும் கோள்

தோழர்களே! கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைக்கூட வழக்கு மன்றத்திலே நேரில் நிறுத்துகிறார்கள். சாட்சி சொல்ல வந்தவன், "இவன்தான்" என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் வழக்கு நிற்பதில்லை. ஆனால், நம் வீட்டுக் கூடங்களிலே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கு நடக்கிறது. அதிலே குற்றவாளியை எவரும் நேரில் கண்டதில்லை. குற்றம் சாட்டும் சோதிடர் கண்டதில்லை. அதைக் கேட்டு நடுங்கும் தாய் கண்டதில்லை. தண்டனை பெறும் பெண்ணும் கண்டதில்லை. ஆம், தண்டனை குற்றவாளிக்கு அல்ல, அந்தப் பெண்ணுக்கு!

குற்றவாளியின் பெயர் செவ்வாய். கட்டியவனைக் கொல்லும் கோளாம் அது! தமிழிலே கோள் என்ற சொல்லுக்கு, வானிலே சுற்றும் உருண்டை என்றும் பொருள் உண்டு; புறங்கூறுதல் என்றும் பொருள் உண்டு. கோளைப்பற்றியே கோள் சொல்லி, அந்தக் கோளை நம்பவைத்து, அதிலே வயிறு வளர்ப்போர் இருக்கின்ற நாடு நம் நாடு.

தண்டனை பெற்றோரில் நானும் ஒருத்தி. வரலாற்றிலே இளங்கலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, தாம்பரத்துக்கு அருகே ஒரு பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். வயது 26. முதலில் வந்த வரன் வீட்டார், படம் பார்த்துப் பிடித்து, நேரில் வந்து கேசரியும் பஜ்ஜியும் உண்டு, பெண்ணுக்குக் கணக்கு வருமா, காரம் குறைத்துச் சமைக்க வருமா என்றெல்லாம் வினவி, மகிழ்ச்சியோடுதான் சென்றார்கள். மூன்றாம் நாள் செய்தி வந்தது: ஏழாமிடத்திலே செவ்வாய், வேண்டாம். இரண்டாவது வரன் இன்னும் வேடிக்கை. அங்கேயும் ஏழாமிடத்துச் செவ்வாய் எட்டிப் பார்த்தது. ஆனால் தரகர் தணிந்த குரலில் என் தந்தையிடம் சொன்னார்: "ஒரு 15 பவுன் கூடுதலாகப் போட்டால், அவர்கள் தோஷத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்."

கேட்டீர்களா, தோழர்களே? கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றுகின்ற ஒரு கோளின் சினம், 15 பவுனிலே தணிந்துவிடுமாம்! கொல்லும் என்று மெய்யாகவே நம்புகிறவன், பவுனுக்காகத் தன் மகனைப் பலி கொடுப்பானா? மாட்டான். அப்படியானால் அவன் நம்புவது எதை? பேரத்தை! கடைக்காரன் துணியிலே கறை இருக்கிறதென்று காட்டி விலை குறைப்பதுபோல, பெண்ணின் மீது ஒரு கறையைக் காட்டி விலை ஏற்றுகிறான். செவ்வாய் அதற்குக் கிடைத்த செம்மண் கறை. என் தந்தை ஓய்வுபெற்ற எழுத்தர். அந்த 15 பவுனை எண்ணிப் பார்த்த இரவு அவர் உறங்கவில்லை என்பதை நான் அறிவேன்.

அன்றிரவு நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஜாதகக் கட்டத்திலே வீடுகள் 12. அவற்றிலே 2, 4, 7, 8, 12 ஆகிய 5 இடங்களில் எதிலே செவ்வாய் இருந்தாலும் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டிலே ஐந்து என்றால், 100 பேரில் 41 பேருக்கு மேல்! இலக்கினத்திலிருந்து எண்ணுவது போதாதென்று, நிலவிலிருந்தும் வெள்ளியிலிருந்தும் எண்ணுவோரும் உண்டு. அந்தக் கணக்கிலே தோஷம் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலை 8 மணிக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் புறப்படும் மின்வண்டியை நினைத்துப் பாருங்கள். தொங்கிக்கொண்டு போகின்றவர்களையும் சேர்த்து எண்ணினால், அவர்களுடைய மனைவியரில் பத்திலே நால்வருக்கு இந்தத் தோஷம் இருந்தாக வேண்டும். செவ்வாய் சொன்னபடி செய்கிற கோளாயிருந்தால், அந்த வண்டியிலே உட்கார இடம் கிடைத்திருக்குமே! இந்தத் தொல்லை சோதிடருக்கும் தெரியும். அதனால்தான் ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று விலக்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலக்குக்கும் அகப்படாதவளுக்கு வாழைமரத்துக்குத் தாலி. வைத்தீசுவரன் கோயிலுக்கு வழிச்செலவு.

கணக்குப் போட்டாகிவிட்டது. ஆனாலும் உள்ளத்திலே ஓர் அவா: என்மீது பழி வரக் காரணமாயிருக்கிற அந்தக் கோளை, ஒரே ஒருமுறை, என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

வாய்ப்பு வந்த விதம் வியப்பானது. 2024 ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறையிலே, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சென்றேன். சென்னையின் தென்புறத்தார்க்கு அந்தச் சந்தையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தையல் பொறி முதல் தங்கமீன் வரை, உடைந்த மின்விசிறி முதல் ஊமையாகிப்போன வானொலி வரை, ஒருவர் வேண்டாமென்று விட்டதை மற்றொருவர் வேண்டுமென்று வாங்கிப்போகும் வீதி அது. வகுப்பறைக்குப் பழைய நிலப்படம் ஏதேனும் கிடைக்குமா என்று தேடப் போனவள் நான். கட்டில் கால்களுக்கும் துருப்பிடித்த குழாய்களுக்கும் நடுவே, வெள்ளை வண்ணம் பூசிய நீண்ட குழாய் ஒன்று கிடந்தது. ஒரு முனையிலே கண்ணாடி. பக்கத்திலே மரத்தாலான மூன்று கால்கள். கண்ணாடியைச் சுற்றிய வளையத்திலே, விட்டம் 60 மி.மீ., குவியத் தொலைவு 900 மி.மீ., ஜப்பான் என்று ஆங்கிலத்திலே பொறித்திருந்தது.

"கப்பல்காரர் வீட்டுச் சாமான்மா, ஐம்பது வருஷப் பழசு" என்றார் கடைக்காரர். 2,500 ரூபாய் சொன்னார். 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். கப்பல்காரர் கதை மெய்யோ பொய்யோ, குழாய் பழையது என்பதிலே ஐயமில்லை. மூன்று கால்களையும் சேலைத் தலைப்பாலே கட்டி, குழாயைக் குழந்தைபோல் அணைத்து, மின்வண்டியிலே வீடு வந்து சேர்ந்தேன். வண்டியிலே ஒரு பெரியவர், "மேளமா அம்மா?" என்று கேட்டார்.

பள்ளியிலே இயற்பியல் கற்பிக்கும் தோழர் ஒருவர் வந்து பிரித்துப் பார்த்தார். பொருளருகு வில்லையின் ஓரத்திலே வெண்ணிறச் சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. சென்னையின் ஈரக்காற்று கண்ணாடியையும் விட்டுவைப்பதில்லை. உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும் என்று எச்சரித்து, தூசியை ஊதிப் போக்கி, பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். முழுவதும் போகவில்லை, பார்வைக்குப் பழுதுமில்லை.

அவர் சொன்ன விளக்கத்திலே சில என் போன்ற கலைப் பட்டதாரிக்கும் புரிந்தன. ஒற்றை வில்லை ஒளியைக் குவிக்கும்போது, சிவப்பை ஓரிடத்திலும் நீலத்தை வேறோரிடத்திலும் குவித்துவிடுகிறது. அதனால் காணும் பொருளெல்லாம் வானவில் கரை போட்ட வேட்டிபோல் தெரியும். இருவகைக் கண்ணாடியால் ஆன இரு வில்லைகளை இணைத்தால், ஒன்றின் குறையை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். 1758 ஆம் ஆண்டு இலண்டனிலே ஜான் டாலண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். மீதமிருக்கும் ஊதாக் கறையும், குழாய் நீளமாக இருந்தால் மங்கிவிடும். என் குழாய் ஒல்லியாகவும் நெடிதாகவும் இருந்ததன் காரணம் அதுதான். இருளிலே விரிந்த நம் கருமணியின் விட்டம் 6 மி.மீ. அளவு, இந்த வில்லையின் விட்டம் 60 மி.மீ. விட்டத்திலே 10 மடங்கென்றால் பரப்பிலே 100 மடங்கு; அத்தனை மடங்கு ஒளியை அள்ளி அது நம் கண்ணுக்குள் ஊற்றுகிறது. கண்ணருகு வில்லைகள் இரண்டு இருந்தன: 25 மி.மீ. வில்லை 36 மடங்கு பெரிதாக்கும், 9 மி.மீ. வில்லை 100 மடங்கு.

பெட்டியின் மூலையிலே இன்னொன்றும் இருந்தது: கண்ணருகிலே திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி. ஞாயிற்றைப் பார்ப்பதற்கென்று அக்காலத்தில் கொடுத்ததாம். தோழர் அதைக் கையிலெடுத்ததும் முகம் மாறினார். குழாய் குவித்த வெப்பமெல்லாம் அந்தச் சிறு கண்ணாடியிலே சேரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடிக்கலாம். வெடித்தால் கண் போயிற்று. என் கண்ணெதிரிலேயே அதைச் சுத்தியால் நொறுக்கி, காகிதத்திலே பொதிந்து குப்பையிலே போட்டார். பழைய தொலைநோக்கி வாங்கும் இளைஞர்கள், வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றவும் வேண்டா, தூற்றவும் வேண்டா. வில்லையை வைத்துக்கொண்டோம், அந்தக் கறுப்புக் கண்ணாடியை உடைத்தோம்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்திலே, முடிச்சூர் சாலைப் பக்கம். மொட்டை மாடியிலே தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே முக்காலியை நிறுத்தினேன். கிழக்கே பெருஞ்சாலையின் விளக்கொளி வானத்தை வெளுக்கவைக்கிறது. மீனம்பாக்கத்து வானூர்திகள் விண்மீன்போல் நடித்து ஏமாற்றுகின்றன. மங்கலான விண்மீன்களுக்குத் தாம்பரத்து வானம் ஏற்றதன்று என்பது உண்மை. ஆனால் கோள்களுக்குத் தெருவிளக்கு பகையன்று. அவை அத்தனை ஒளியையும் மீறித் தெரிபவை.

2025 சனவரியிலே வானம் வாரி வழங்கியது. அந்திப்பொழுதிலே மேற்கே வெள்ளி. வெறுங்கண்ணுக்குச் சுடர்ப்பொட்டு, குழாயிலே பார்த்தால் பாதி நிலவு! கலிலியோ 1610 ஆம் ஆண்டு கண்டு, வெள்ளி ஞாயிற்றைத்தான் சுற்றுகிறது, புவியை அல்ல என்று உணர்ந்த அதே காட்சி. அதற்குச் சற்று மேலே சனி. வளையம் ஏறக்குறைய விளிம்பாகத் திரும்பியிருந்த காலம். ஆகவே, உருண்டையிலே ஊசி குத்தியதுபோல் மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. உச்சிக்கு அருகே வியாழன், பக்கத்திலே நான்கு நிலவுகள் வரிசையாக. முதல் மாலை பார்த்த இடத்திலே மறுமாலை அவை இல்லை; இடம் மாறி நின்றன. குரு பார்வை கோடி நன்மை என்கிறார்கள். குருவை நாம் பார்க்கலாம் என்று எவரும் சொல்லவில்லையே!

இந்தப் பார்வை நம் மண்ணுக்குப் புதியதா என்றால், இல்லை. ஊருக்கு ஒரு சோதிடர் இருந்த தமிழகத்திலே, குழாய் வழியே வானைக் கண்டவர்களும் 300 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். புதுச்சேரியிலே இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, 1689 திசம்பரிலே வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, தென்வானத்து ஆல்பா செண்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டறிந்தார். இலண்டனிலிருந்து ஒருநாளும் காணமுடியாத விண்மீன் அது. மே மாத முன்னிரவிலே தாம்பரத்து மாடியிலிருந்து தெற்கே தாழ்வாகப் பார்த்தால் எவருக்கும் தெரியும். என் குழாயே அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. அவர் சமயத் துறவிதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கவில்லை!

பின்னர் 1792 ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்திலே வானாய்வுக்கூடம் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், இன்றைய வானிலை மையத்து வளாகத்திலே இன்னும் நிற்கிறது. அதிலே இலத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. 1861 ஆம் ஆண்டு அங்கே பணியேற்ற நார்மன் போக்சன், அதே ஆண்டில் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். அக்கூடத்துத் தொலைநோக்கிகள் பின்னர்க் கோடைக்கானல் மலை ஏறின. 1850 அளவில் வாங்கிய 6 அங்குல வில்லைத் தொலைநோக்கியொன்று, அங்கே நூறாண்டுக்கு மேலாக ஞாயிற்றை நாள்தோறும் படம் பிடித்தது. என் 1,800 ரூபாய்க் குழாயின் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் நிறுத்திச் சொல்ல விரும்பும் பெயர் வேறு: சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளமையிலேயே அந்தக் கூடத்திலே பணிக்குச் சேர்ந்து, போக்சனுக்கு முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867 ஆம் ஆண்டு தென்வானிலே ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 ஆம் ஆண்டு வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளியிட்டார். அவருடைய மற்றொரு போர், பஞ்சாங்கத்தோடு. பழைய வாய்பாட்டை வைத்துக்கொண்டு கணித்த இடத்திலே கோள் இல்லை. குழாய் வழியே பார்த்தால் வேறிடத்திலே நிற்கிறது. ஆகவே கண்டு கணிப்பதே கணக்கு என்று, பஞ்சாங்கக்காரர்களுக்கு நடுவிலே நின்று சொன்னவர் அவர். சோதிடத்தையே தூக்கி எறிந்தவர் என்று நான் அவரைப்பற்றிச் சொல்லவில்லை. ஆனால் ஏட்டைவிட வானம் பெரிது என்றாரே, அது சிறு துணிச்சலா?

அவர் மறைந்தது 1880 இல். பூசல் இன்னும் ஓயவில்லை. 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் பெயர்ந்தது என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லையில்லை, வாக்கியப்படி 2026 ஆம் ஆண்டுதான் பெயர்ச்சி என்று அறிவித்தது திருநள்ளாறு கோயில். ஒரே சனி, ஒரே வானம், இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவே ஓராண்டு வேறுபாடு! இடைப்பட்ட ஓராண்டிலே ஒருவனுக்குத் தொல்லை வந்தால், அது எந்தச் சனி கொடுத்தது? மாடிக்கு ஏறிப் பார்த்தால் சனி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். பார்ப்போர்தாம் இல்லை.

இனிச் செவ்வாய்க்கு வருவோம்.

26 திங்களுக்கு ஒருமுறை, நம் புவி செவ்வாயை ஓட்டத்திலே முந்துகிறது. அப்போது இரண்டும் நெருங்குகின்றன. அந்த முறை நெருக்கம் 2025 சனவரி 12 அன்று. தொலைவு ஏறத்தாழ 9.6 கோடி கிலோமீட்டர். பொங்கல் விடுமுறை! போகிப் புகையிலே ஓரிரவு வீணாயிற்று. வானம் முழுவதும் பழுப்பு. பொங்கலன்று இரவு புகை அடங்கிற்று. கிழக்கே, முழுமையிலிருந்து அப்போதுதான் தேயத் தொடங்கிய நிலவு. அதற்குச் சற்று மேலே, இமைக்காமல், கனல்துண்டுபோல் செவ்வாய்.

முதலில் 36 மடங்கு வில்லையிலே பிடித்தேன். பிறகு 100 மடங்கு. குழாய் நடுங்கி நின்றது, உருவம் தெளிந்தது. கையை முழுதும் நீட்டி, இரு விரலிடையே ஒரு மைசூர்ப் பருப்பைப் பிடித்துப் பாருங்கள். அவ்வளவுதான் அளவு, ஏறக்குறைய அதே நிறம். துருவின் நிறம், மெய்யாகவே துருதான், இரும்புத் துரு கலந்த தூசி. ஒளி அங்கிருந்து என் கண்ணுக்கு வந்து சேர 5 நிமிடத்துக்குச் சற்று மேல். புவியிலே பாதியளவு குறுக்களவு; 24 மணி 37 நிமிடத்திலே தன்னைத்தானே சுற்றுகிறது; 687 நாளிலே ஞாயிற்றைச் சுற்றுகிறது. அதற்குத் தன் வேலையே தலைக்குமேல். மேற்குத் தாம்பரத்திலே எவள் எவனைக் கட்டுகிறாள் என்று பார்க்க அதற்கு ஏது பொழுது?

வட்டின் ஓரத்திலே ஓர் வெண்புள்ளி தெரிவதுபோல் இருந்தது. வட துருவத்துப் பனி அப்போது நம் பக்கம் சாய்ந்திருந்தது என்று படித்திருந்தேன். ஆகவே பனியைத்தான் கண்டேன் என்று எழுதிவிட ஆசை. எழுதமாட்டேன். படித்ததால் தெரிந்ததா, தெரிந்ததால்தான் தெரிந்ததா என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. இந்தச் செவ்வாய் பெரிய அறிஞரையும் ஏய்த்த கோள்! 1877 ஆம் ஆண்டு இத்தாலியிலே சியாபரெல்லி அதன்மீது கோடுகளைக் கண்டார். அமெரிக்காவிலே பெர்சிவல் லோவல், அவை கால்வாய்கள் என்றும், அறிவுள்ள உயிர்கள் வெட்டியவை என்றும் நூல் நூலாக எழுதினார். 1965 ஆம் ஆண்டு மாரினர் 4 அருகே சென்று படம் பிடித்தது. கால்வாய் ஒன்றுமில்லை, பள்ளங்கள்தாம்! நல்ல தொலைநோக்கியும் நல்ல கண்ணும் இருந்தும், உள்ளம் விரும்பியது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள், தோழர்களே. லோவல் தவறினார், தவறு என்று மெய்ப்பித்ததும் அறிவியல் அந்தக் கால்வாய்களைத் தூர்த்துவிட்டது. ஏழாமிடத்துச் செவ்வாயை மெய்ப்பிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? பொய்யானபோது யார் கணக்கு வைத்தார்கள்?

"செவ்வாய் வெறுவாய்" என்பார்கள் நம் பாட்டிமார். அன்றைக்கு நல்ல செயல் எதுவும் தொடங்க மாட்டார்கள். நம் மங்கள்யான் சீரரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நாள் 2013 நவம்பர் 5. நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை! 2014 செப்டம்பர் 24 அன்று, முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சென்றடைந்தது. 2022 வரை தொடர்பிலிருந்தது. அத்திட்டத்திலே பணியாற்றிய மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டத்துக் கோதவாடியிலே பிறந்து தமிழ்வழியிலே படித்தவர். புறப்பாட்டுக்கு முன் திருமலைக்குச் சென்று வேண்டிக்கொண்டார்கள் என்ற செய்தியும் ஏடுகளிலே வந்தது. அதை நான் மறைக்கவில்லை. செவ்வாய்க்கே கலம் அனுப்பிய நாடு, செவ்வாய்க்கு அஞ்சுகின்ற நாடு, இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு வேலை இருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். சினம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அந்தச் சிறு செந்நிற வட்டின்மீது, உண்மையைச் சொன்னால், இரக்கம்தான் வந்தது. சினமெல்லாம் 15 பவுன் கேட்டவர்மீது.

மாடிப்படியிலே அம்மாவின் காலடி கேட்டது.

"ஏண்டி, பனியிலே உட்கார்ந்து என்ன பண்றே?"

"செவ்வாயைப் பார்க்கிறேன் அம்மா. வா, நீயும் பார்."

ஒரு கணம் தயங்கினார். பிறகு முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, தரையிலே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். நெடுநேரம் பேச்சில்லை. "இவ்வளவுதானா?" என்பார், அத்தோடு மூடநம்பிக்கை முறிந்தது என்று எழுதலாம் என்று எண்ணினேன். அம்மா சொன்னது வேறு: "கடகத்துல நீசமா இருக்கான்னு நாட்காட்டியில போட்டிருக்கே. அதான் மங்கலா இருக்கா?"

மங்கலாக இல்லை, இரண்டாண்டிலே மிகப் பளிச்சென்று இருக்கும் வாரம் இது என்றேன். நீசம் என்று ஏடு சொல்லும் வேளையிலே வானத்திலே அது சுடர்விடுவதைக் காட்டினேன். அம்மா ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "கடகம்னா எங்கே?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கு அருகே பளிச்சென்று நின்ற இரட்டை விண்மீனைச் சுட்டி, "அவை இரண்டும்தாம் புனர்பூசம்" என்றேன்.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். "புனர்பூசமா? எங்க அம்மாவோட நட்சத்திரம்டி அது!"

தன் தாய்க்காக ஆண்டுதோறும் புனர்பூசத்தன்று அர்ச்சனை செய்தவர். 27 பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கக் கூடியவர். 58 வயது. அவற்றிலே ஒன்றைக்கூட ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. கண்ணால் காணக்கூடியது என்றே அறியவில்லை. செவ்வாயை மறந்தார். கழுத்து வலிக்க வலிக்க அந்த இரண்டு விண்மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து கார்த்திகை எது என்றார், காட்டினேன். ரோகிணி எது என்றார். அதன் அருகிலேதான் வியாழன் நின்றது. திருவாதிரை எது என்றார். இத்தனை ஆண்டும் பஞ்சாங்கத்திலே அடைத்து வைத்திருந்த வானத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

மறுநாள் இரவு எதிர்வீட்டு அத்தையும் அவருடைய மருமகளும் மாடிக்கு வந்தார்கள். குழாயின் அருகே அம்மாதான் நின்றார். "கையை வைக்காதே, ஆடும். கண்ணை மட்டும் கொண்டு போ" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்த மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, தன் நாத்தனாருக்கும் செவ்வாய் தோஷம், 31 வயதாகிறது என்று மெதுவாகச் சொன்னாள். "அழைத்து வா" என்றேன்.

புதிதாக ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் செங்கற்பட்டிலே பணியாற்றுகிறவராம். ஜாதகம் அனுப்பச் சொல்லித் தரகர் இருமுறை தொலைபேசியிலே அழைத்துவிட்டார். படம் அனுப்பலாம், படிப்பும் சம்பளமும் எழுதலாம், ஜாதகம் தருவதற்கில்லை என்று வீட்டிலே சொல்லிவிட்டேன். இந்து திருமணச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் ஜாதகம் என்ற சொல் இல்லை; 1967 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு சேர்த்த 7-அ பிரிவின்படி, மாலை மாற்றிக்கொண்டாலும் மோதிரம் மாற்றிக்கொண்டாலும் போதும். தந்தை கேட்டுக்கொண்டிருந்தார், தலையசைத்தார். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஜாதக நோட்டு, அவருடைய அலமாரியிலே, மஞ்சள் பைக்குள்தான் இருக்கிறது.

செவ்வாய் மறுபடி நெருங்கும் காலம் 2027 பிப்ரவரி. அதற்குள் முக்காலியின் ஒரு கால் ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், தச்சரிடம் கொடுத்திருக்கிறேன்.